பன்னிரண்டு ரேக்கும் ஒரு வாலும்

படித்துப் பட்டம் வாங்குகிறவர்கள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். படிக்காமல் பட்டம் வாங்கியவர்கள் அதைத் தலையில் சுமந்துகொண்டேதான் திரிய வேண்டும். நம்மவருக்குக் கிடைத்தது இரண்டாவது ரகம். பார்சல் கிடங்கில் பதினாறு வருடம் உழைத்ததைப் பாராட்டி, உடன் வேலை செய்கிறவர்கள் ஏகமனதாக வழங்கிய பட்டம், 'ரேக்கு'. அதற்கு முன்னால் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருப்பதாகத் தகவல்.

லாரியிலிருந்து இறங்கும் பெட்டிகள் பெல்ட்டில் ஊர்ந்து வரும். பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, அது எந்த ரேக்குக்குப் போக வேண்டியதோ அங்கே தள்ளிவிடுவது அவர் வேலை. ஒரு பெட்டிக்கு ஒன்றரை விநாடி யோசிக்கலாம். அதற்கு மேல் யோசிக்கிறவர்கள் தத்துவஞானிகள். அவர்களைக் கிடங்கில் வைத்துக்கொள்வதில்லை. பெல்ட் ஓடும்போது எழும் சத்தம், நாற்பது மிக்ஸியை ஒன்றாக ஓடவிட்டது போல இருக்கும். எல்லோருடைய காதிலும் பஞ்சு அடைத்திருக்கும். ஆகவே அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. பேச்செல்லாம் மோவாயால்தான். மோவாயைத் தூக்கினால் மேல் தட்டு, இடது பக்கம் திருப்பினால் ஜன்னலோர ரேக்கு, இரண்டு முறை ஆட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். சுவரிலும் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள்: 'பெல்ட் ஓடும்போது பேசாதீர்.' வாயைத் திறந்தால் கவனம் சிதறும். கவனம் சிதறினால், பல் மருத்துவர் கேட்ட நாற்காலி மீன்கடைக்குப் போய்ச் சேரும். இந்தப் பதினாறு வருடத்தில் அவர் கைபட்டு ஒரு பெட்டிகூட வழிதவறியதில்லை. இது சாதாரணச் சாதனையில்லை என்பதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வேலை நேரம் முடிந்தாலும் கை சும்மா இருக்காது. கடைக்குப் போனால், யாரோ சோப்பு வரிசையில் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் பாக்கெட்டை அதன் சொந்த வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மறு காரியம். ஒரு முறை அந்தக் கடை மேலாளர் வந்து, "ஏன்யா யூனிஃபார்ம் போடல?" என்று கடிந்துகொண்டார். இவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

ஆனால், விதி என்று ஒன்று இருக்கிறதே. ஊரிலுள்ள பெட்டிகளையெல்லாம் இடம் சேர்த்தவருக்கு வீட்டில் பிறந்தது ஒரு பெண் குழந்தை. வயது நாலே முக்கால். செல்லப்பெயர் வாலு. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என்று ஒரு வழக்கம் உலகத்தில் இருப்பதாக வாலு கேள்விப்பட்டதே கிடையாது. சீப்பு கட்டிலுக்கு அடியில் இருக்கும். ஒரு செருப்பு ஃபிரிட்ஜில் இருக்கும். இன்னொரு செருப்பு எங்கே என்பது அடுத்த மழைக்காலத்தில் தெரியவரும்.

வாலின் அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவர். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக அதிகாலையிலேயே கிளம்பிவிட வேண்டும், மதியம் திரும்புவார். அப்பாவுக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிஃப்டு. ஆகவே காலையில் வாலு அப்பாவின் பொறுப்பு, மாலையில் அம்மாவின் பொறுப்பு. இடையே சின்ன வகுப்பு டீச்சரின் பொறுப்பு. மூன்று பேரிலும் டீச்சரே அதிகம் களைத்திருந்தார்.

கதை தொடங்குவது அந்த டீச்சரின் மேசையிலிருந்துதான். ஒரு நாள் வாலை அழைத்து வரப் போன ரேக்கை அவர் உட்காரச் சொன்னார். குழந்தைகளுக்காகச் செய்த நாற்காலி. முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வரும்படி உட்கார்ந்தார்.

"சார், இன்னும் மூணு வாரத்துல முதல் வகுப்புக்கு யார் யாரை அனுப்பறதுன்னு லிஸ்ட் கொடுக்கணும். உயிரெழுத்து பன்னிரண்டையும் பார்த்ததும் சொல்லணும். அவ்வளவுதான் கேக்கறோம்."

"எங்க வாலு பன்னிரண்டும் சொல்லுவாளே டீச்சர். ஒரே மூச்சில் சொல்லுவா."

"சொல்லுவா. நான் இல்லேங்கல. நீங்களே பாருங்க."

டீச்சர் வாலைக் கூப்பிட்டார். வாலு வந்தது, கேட்காமலே அ, ஆ, இ, ஈ என்று ராகம் போட்டு ஔ வரைக்கும் ஓடி முடித்து மூச்சு வாங்கியது. அப்பா பெருமையோடு நிமிர, சின்ன நாற்காலி முனகியது. டீச்சர் ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் இலைப் படம், பக்கத்தில் 'இ'.

"இது என்ன?"

"இ!"

டீச்சர் கட்டைவிரலால் இலையை மறைத்தார். "இப்ப இது என்ன?"

வாலு கூர்ந்து பார்த்தது. "உங்க கட்டைவிரல்."

அதாவது வாலுக்குப் பாட்டு தெரியும், படம் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது.

"தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க டீச்சர்?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம் சார். இன்னொரு வருஷம் இங்கயே இருக்கட்டும்."

இந்த இடத்தில் வாலின் முகம் மாறியது. அதற்குக் காரணம் பஞ்சு. தலைமுடி பஞ்சு மிட்டாய் போல இருந்ததால் அந்தப் பெயர் பெற்ற சிநேகிதி. பஞ்சுக்குப் பன்னிரண்டும் தெரியும். பஞ்சு முதல் வகுப்புக்குப் போகப் போகிறாள். இருவரும் ஒரே பெஞ்சில், ஜன்னல் பக்கத்தில் உட்காருவதென்று ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்தது. யார் ஜன்னலை ஒட்டி என்பதில் மட்டும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாலு வாசல்படியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டது. "பஞ்சு மட்டும் போயிடுவாளாப்பா?"

பெட்டி வழிதவறினாலே தாங்காத மனிதர். சொந்த மகள் தவறான வகுப்பில் கிடப்பதை எப்படித் தாங்குவார்? அன்று கிடங்கில் அவர் முகத்தைப் பார்த்துச் சூப்பர்வைசரே வழி விட்டு ஒதுங்கினார்.

மறுநாள் திட்டம் தயார். அம்மா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் விளக்க ஆரம்பித்தார்.

"வீட்டுல பன்னிரண்டு ரேக். ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. சாமான் ஒவ்வொண்ணுலயும் அது போக வேண்டிய எழுத்தை ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிடறேன். அவ வண்டியை இழுத்துட்டுப் போய் டெலிவரி பண்ணணும். விளையாட்டுக்கு விளையாட்டு, படிப்புக்குப் படிப்பு."

"ஏங்க, அ-ன்னா அம்மா, ஆ-ன்னா ஆடுன்னு புத்தகத்துல அழகாப் போட்டிருக்கே, அதைச் சொல்லிக் கொடுத்தா ஆகாதா?"

"நம்ம வீட்டுல ஆடு இருக்கா?"

"இல்ல."

"அப்ப அதை எங்க டெலிவரி பண்றது? ஔ-க்கு ஔடதம்னு போட்டிருக்கான். முப்பத்தெட்டு வயசாச்சு, நானே இன்னும் அதைக் கண்ணால பார்த்ததில்ல."

"தினமும் ராத்திரி தண்ணி குடிச்சு முழுங்கறீங்களே, அது என்னவாம்?" என்று கேட்டுவிட்டு அம்மா பையை மாட்டிக்கொண்டார். "என்னவோ பண்ணுங்க. அவளுக்கு வலிக்காம பண்ணுங்க." வருகிற நோயாளிகளிடம் காலையில் அறுபது முறை, 'எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்' என்று சொல்லிச் சொல்லி, வலிக்காமல் செய்ய முடியாத காரியம் எதுவும் உலகத்தில் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

கிடங்கில் ரேக்குகளுக்கு எழுத்து வைப்பதற்கு ஒரு முறை உண்டு. வாசலில் தொடங்கி, மனிதன் நடந்து போகிற வரிசையில் வைக்க வேண்டும். வீட்டிலும் அப்படியே. கதவைத் திறந்ததும் செருப்புத் தட்டு, அ. அதற்கு அடுத்து, சாவியும் குடையும் தொங்கும் கொக்கி, ஆ. பழைய பேப்பர் கூடை, இ. பொம்மைப் பெட்டி, ஈ. டிவிக்குக் கீழே இருக்கும் இழுப்பறை, உ. படுக்கையறைக்குள் நுழைந்தால் கட்டிலுக்கு அடியில், ஊ. அலமாரியின் கீழ்த்தட்டு, எ. சீப்பும் பவுடரும் இருக்கும் கண்ணாடிப் பலகை, ஏ. குளியலறை வாளி, ஐ. சமையலறையில் தட்டு அடுக்கும் இடம், ஒ. ஃபிரிட்ஜ், ஓ. பால்கனியில் அழுக்குத்துணிக் கூடை, ஔ. ஃ-ஐ ஒதுக்கிவிட மனம் வராமல், ஒரு காலி ஷூ டப்பாவில் அதை எழுதி ஒட்டி, 'விலாசம் தெரியாதவை' என்று அறிவித்தார். ஜோடியில்லாத சாக்ஸ், எதிலிருந்து விழுந்தது என்று யாருக்கும் தெரியாத திருகாணி, மூடி தொலைந்த பேனா எல்லாம் அதில் அடைக்கலம் புகுந்தன.

துணி துவைக்கும் பிளாஸ்டிக் கூடைக்குக் கயிறு கட்டினார். அது வண்டி. வாலின் தலையில் அப்பாவின் பழைய கிடங்குத் தொப்பி. சாமான்களைக் கூடத்தில் இறைத்துப் போட வேண்டும் என்பது விளையாட்டின் முதல் கட்டம். அந்தக் கட்டத்தை வாலு எந்தப் பயிற்சியும் இல்லாமலே சிறப்பாக நிறைவேற்றியது.

"பெல்ட் எங்கப்பா?"

"பெல்ட் இல்லையே."

"நான்தான் பெல்ட்!" என்று வாலு அறிவித்து, "கர்ர்ர்ர்ர்" என்று தொடங்கியது. பல் துலக்கிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் பெல்ட் ஓடியது.

அப்பா ஒரு சீப்பை நீட்டுவார். வாலு ஸ்டிக்கரைப் பார்க்கும். சுவரில் ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் பார்க்கும். 'கர்ர்ர்' என்று வண்டியை இழுத்துக்கொண்டு ஓடும். சரியாகச் சேர்த்தால் அப்பா மோவாயை ஒரு முறை ஆட்டுவார். தவறினால் புருவத்தைத் தூக்குவார். முதல் நாள் செருப்பு ஃபிரிட்ஜுக்குத்தான் போனது, பழக்கதோஷம். நாலாம் நாள் பன்னிரண்டில் எட்டு சரி. ஒரு வாரத்தில் பன்னிரண்டும் சரி. ஒ-வையும் ஓ-வையும், பெரிய மனிதர்களே கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற அந்த இரட்டையரை, வாலு ஒன்றரை விநாடியில் பிரித்தது.

மதியம் வேலை முடிந்து வந்த அம்மா, வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்ற சந்தேகம். கூடத்தில் தரை தெரிந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த தரை. செருப்பு செருப்பு இருக்கிற இடத்தில் இருந்தது. கேட்காமல் கிடைத்த வரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "எழுத்தெல்லாம் வருதாங்க?" என்று மட்டும் போனில் கேட்டார். "பிரமாதமா வருது" என்றார் அவர். அதோடு விசாரணை முடிந்தது.

மாடி வீட்டு அக்கா ஒரு நாள் காலையில் கத்தரிக்கோல் கேட்டு வந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வாலு உ-வுக்கு ஓடி எடுத்து வந்து கையில் கொடுத்தது.

"அடி ஆத்தீ! இந்த வீட்டுல கத்தரிக்கோல் கேட்டா ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுவீங்களே!"

"எழுத்துக் கல்வி அக்கா," என்றார் ரேக்கு அடக்கமாக.

அடக்கம் அத்தோடு முடிந்தது. இன்னும் ஒரு வாரம் தவணை இருக்கும்போதே, அவர் வாலை அழைத்துக்கொண்டு டீச்சரிடம் போனார். "மூணு வாரம் எதுக்கு டீச்சர்? இப்பவே கேளுங்க. கட்டைவிரலால மறைச்சுக் கேளுங்க."

டீச்சருக்கு மகிழ்ச்சி. படமில்லாத அட்டைகளையே எடுத்துக் கலைத்து, ஒன்றைக் காட்டினார். ஊ.

"இது என்ன கண்ணு?"

"கட்டிலுக்கு அடி," என்றது வாலு, கண் இமைக்காமல்.

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். அடுத்த அட்டை. ஐ.

"வாளி."

"இது?" ஓ.

"ஃபிரிட்ஜ்!"

"இது?" அ.

"செருப்பு!"

கேட்கக் கேட்க வாலின் உற்சாகம் கூடிக்கொண்டே போனது. பன்னிரண்டு அட்டை, பன்னிரண்டு பதில். டீச்சர் அட்டைகளை மறுபடி கலைத்துக் கேட்டார். அதே பதில்கள், ஒன்றுகூட மாறவில்லை. டீச்சர் தன் முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு தவறான பதில்களின் சரியான வரிசையைக் கண்டதில்லை.

"சார், ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க. குழந்தைக்கு எழுத்தெல்லாம் நல்லாவே அடையாளம் தெரியுது. ஆனா எதுக்கும் சத்தம் தெரியல."

"அதுதான்... டீச்சர்... வீட்டுல..." என்றார் அவர். மோவாய் மட்டும் தன்பாட்டில் ஆடியது.

"இன்னும் ஒரு வாரம் இருக்கு. பார்ப்போம். ஆனா வெள்ளிக்கிழமை லிஸ்ட் கொடுத்துடுவேன்."

அன்று மதியம் அம்மா வந்ததும் வழக்கு விசாரணைக்கு வந்தது. "எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க? எனக்கு முன்னாடி செஞ்சு காட்டுங்க," என்று சோபாவில் சாய்ந்து கைகட்டி உட்கார்ந்தார். ரேக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு சாவியை நீட்டினார். வாலு 'கர்ர்ர்' என்று கொக்கிக்கு ஓடியது. அவர் மோவாயை ஆட்டினார். அடுத்தது தட்டு. 'கர்ர்ர்.' மோவாய்.

"நிறுத்துங்க. இதுல நீங்க எப்ப பேசுவீங்க?"

"பெல்ட் ஓடும்போது பேசக் கூடாது."

"எந்த பெல்ட்டுங்க?"

அவர் மகளைக் காட்டினார்.

"ரெண்டு வாரமா, ஒரு தடவைகூட, இது அ, இது ஆன்னு வாயைத் திறந்து சொல்லல?"

"முதல் நாள் சொன்ன ஞாபகம். அப்பறம் சத்தத்துல கேக்கல."

அம்மா ஃ எழுதிய டப்பாவைக் காட்டி, "அந்த ஷூ டப்பாவுல கொஞ்சம் தேடிப் பாருங்க. உங்க மூளை அதுலதான் கிடக்கும்," என்றார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஷிஃப்டுக்குப் போனார். அன்று அவர் கைபட்டு இரண்டு பெட்டிகள் ரேக்கு மாறின. பதினாறு வருடத்தில் முதல் முறை. சூப்பர்வைசர் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

இங்கே அம்மா நேரடி வைத்தியத்தில் இறங்கினார். வாலை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த எழுத்தைக் காட்டி, "இதுக்குப் பேர் எ. சொல்லு, எ," என்றார்.

"இல்லம்மா. அது அலமாரி."

"அலமாரிதான்டி. ஆனா அதோட பேர் எ."

"அப்ப அலமாரிக்கு யார் பேர் வச்சது?"

ஒரு தடவை ஒரு இடத்தில் சேர்ந்துவிட்ட சரக்கை அங்கிருந்து கிளப்புவது எவ்வளவு கடினம் என்பதைக் கிடங்குக்காரர்கள் அறிவார்கள். அன்று மாலை முழுவதும் அம்மா எழுத்தைச் சொன்னார். வாலு வீட்டுச் சாமானைச் சொன்னது. கடைசியில் வாலுக்கு அழுகை வந்தது. "எனக்கு எல்லாம் தெரியும்! டீச்சர்தான் வேற என்னமோ கேக்கறாங்க! பஞ்சு போயிடுவா!" அம்மா அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வீட்டில் வைத்திருக்கும் செல்போன் அடித்தது. அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. போனை எடுத்தது வாலு.

"வாலு, அம்மா பேசறேன். அம்மாவோட அடையாள அட்டையை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். எங்க இருக்குன்னு பாரு."

"இருக்கும்மா."

"எங்கடி?"

"இதோ இங்க," என்று வாலு கொக்கியைக் காட்டியது. போனுக்குத்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கல்ல இருக்கேன்! எந்த இடம்?"

"கொக்கி."

"கொக்கி நம்ம வீட்டுல மூணு இருக்கு. பாத்ரூம்ல ஒண்ணு, கதவுக்குப் பின்னாடி ஒண்ணு. எந்தக் கொக்கி?" அம்மாவுக்குப் பின்னால் வெறும் வயிற்றோடு எட்டுப் பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். பொறுமை கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. குரலை மாற்றிக்கொண்டார். "பார்சல் கிடங்குங்களா? என்னோட பார்சல் எந்த ரேக்ல இருக்குன்னு கொஞ்சம் சொல்றீங்களா? ரேக் பேரைச் சொல்லுங்க."

வாலு திகைத்து நின்றது. கஸ்டமர் கேட்கிறார். கஸ்டமருக்குக் கண் தெரியாது, கை காட்ட முடியாது. அப்பா குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று மூடிக்கொண்டார்.

வாலு போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் போனது. செருப்புத் தட்டைத் தொட்டது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதைத் தொடங்கியது. "அ..." ஓர் அடி. கொக்கியைத் தொட்டது. "ஆ..."

நின்றது. சுவரில் ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்தது. மறுபடி பின்னால் போய்ச் செருப்பைத் தொட்டு, "அ" என்றது. முன்னால் வந்து, "ஆ" என்றது. பிறகு பேப்பர் கூடை, "இ". பொம்மைப் பெட்டி, "ஈ". போனில் காத்திருந்த கஸ்டமரை மறந்துவிட்டு வாலு வீடு முழுக்க நடந்தது. பாட்டு ஒவ்வோர் அடியாக ஒவ்வொரு ரேக்கிலும் போய் உட்கார்ந்தது. பால்கனியில் "ஔ" என்று முடிந்தபோது பாட்டும் தீர்ந்தது, வீடும் தீர்ந்தது. கணக்காக.

"அம்மா! பாட்டுல நம்ம வீடு இருக்கும்மா!"

"என் அட்டை எங்கடி?"

"ஆ ரேக்! ஆ! ஆ!"

வரிசையில் முதலில் நின்றவர், ஊசி போடுவதற்கு முன்பே யார் இப்படி அலறுகிறார்கள் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள், அந்த வீட்டுப் போனுக்கு ஓய்வில்லாத நாட்கள். காலையில் அம்மா அழைப்பார், "என் சீப்பு எங்கேங்க?" நாலு மணி இடைவேளையில் அப்பா அழைப்பார், பெல்ட்டை நிறுத்திய அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்குப் பின்னால் கிடங்கே வரிசையில் நிற்கும். "அண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன்." "ஏய் தள்ளுடா, என் முறை. ஹலோ, மேடம், என் ஃபிரிட்ஜ் எந்த ரேக்குங்க?" சூப்பர்வைசர், நிர்வாகத்தின் கண்ணியத்தைக் காக்கும் பொருட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசியாகக் கேட்டார். அவருக்குக் கேட்க மிஞ்சியது அழுக்குத்துணிக் கூடைதான். பரிசோதனை நிலையத்தில் மயக்கம் வருகிற நோயாளிகளிடம் அம்மா போனைக் கொடுத்து, "எங்க பொண்ணுகிட்ட ஏதாவது கேளுங்க, அதுக்குள்ள எடுத்துடறேன்," என்றார். அந்த வாரம் யாரும் மயங்கி விழவில்லை.

போனில் பேசுகிறவர்கள் எல்லோரையும் போல வாலுக்கும் போனுக்கென்று ஒரு குரல் வந்துவிட்டது. மூக்கால் வரும் குரல். "வணக்கம். உங்க வாளி ஐ ரேக்ல பத்திரமா இருக்கு. வேற ஏதாவது உதவி வேணுமா?"

வெள்ளிக்கிழமை அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் டீச்சர் முன்னால், சின்ன நாற்காலிகளில். வீட்டிலிருக்கும் பன்னிரண்டு ரேக்கின் கதையை அம்மா டீச்சரிடம் சொல்லி முடித்திருந்தார். கதவுக்கு வெளியே பஞ்சு, தன் தலையில் பாதி தெரியும்படி ஒளிந்துகொண்டு நின்றாள். டீச்சர் அட்டைகளைக் கலைத்து ஒன்றை நிமிர்த்தினார். ஏ.

"இது என்ன கண்ணு?"

வாலு அட்டையைப் பார்த்தது. வாய் திறந்தது, மூடிக்கொண்டது. போன வாரம் இதே இடத்தில் சொன்னதெல்லாம் தப்பாகப் போன நினைவு. கண்ணில் நீர் கட்டியது.

அப்பாவின் மோவாய் மெதுவாக இடது பக்கம் திரும்பியது. பிறகு மேலே போனது. கண்ணாடிப் பலகை இருக்கும் திசை. அம்மா கையை நீட்டி அந்த மோவாயைப் பிடித்துக்கொண்டார். ரத்தம் எடுக்கிறவர் பிடித்தால் அசைய முடியாது.

"சார், நீங்க வேணா வெளியில இருங்க," என்றார் டீச்சர்.

"அவர் இனிமே அசைய மாட்டார் டீச்சர்."

வாலு மூக்கை உறிஞ்சியது. பிறகு கையை மடித்து, கட்டைவிரலைக் காதிலும் சுண்டுவிரலை வாயிலும் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தது.

"ஹலோ?"

டீச்சர் அட்டையைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், மேசையில் கிடந்த டஸ்டரைப் பார்த்தார். முப்பது வருட அனுபவம் வீண் போகவில்லை. டஸ்டரை எடுத்துக் காதில் வைத்தார். கன்னமெல்லாம் சாக்பீஸ் தூள். "ஹலோ, இது என்ன ரேக்குங்க?"

"வணக்கம். இது ஏ ரேக். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணுமே. இது?"

"உ ரேக்."

"இது?"

"ஐ ரேக். ஈ ரேக். ஔ ரேக்."

பத்தாவது அட்டையில் மட்டும் ஒரு தடங்கல். 'ஒ'வைப் பார்த்த வாலு, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து, வகுப்பறைக் கதவிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே நடந்தது. இல்லாத செருப்பைத் தொட்டது. இல்லாத கட்டிலுக்கு அடியில் குனிந்தது. பத்தாவது இடத்தில் நின்று திரும்பி வந்தது. "காத்திருந்ததுக்கு நன்றி. ஒ ரேக்."

டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார். பன்னிரண்டும் சரி. படிவத்தை எடுத்து, 'முதல் வகுப்புக்கு அனுப்பலாம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அதற்குக் கீழே 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு கோடு இருந்தது. அதில் சிறிது நேரம் யோசித்து ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு அம்மாவிடம் நீட்டினார். கதவுக்கு வெளியே பஞ்சு குதித்துக்கொண்டிருந்தாள். வாலு ஓடிப் போய் அவளோடு சேர்ந்து குதித்துவிட்டுத் திரும்பி வந்தது.

"என்ன எழுதியிருக்காங்கம்மா?"

அம்மா வாசித்தார். "எழுத்துகள் நன்றாகத் தெரியும். பொருள்களை உரிய இடத்தில் வைக்கிறாள். தந்தைக்கு இன்னும் ஒரு வருடப் பயிற்சி தேவை."

வாலு அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, சின்ன நாற்காலியிலிருந்து எழ முடியாமல் எழுந்துகொண்டிருந்தார்.

"அப்பா ஃபெயிலா?"

"ஆமாம்மா," என்றார் அவர்.

வாலு கிட்டே போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. "அழாதப்பா. இந்த கிளாஸ்ல பொம்மை நிறைய இருக்கு. மதியம் தூங்கவும் விடுவாங்க."